நைனாவின் வாலும் நாலு விரலும்

ரயில் தாமதமானாலும், கேண்டீன் சாம்பாரில் உப்பு குறைந்தாலும், வீட்டுக்காரம்மா முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும், மூன்றுக்கும் சூரியன்தான் காரணம் என்று சத்தியம் செய்யக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் உண்டு. கும்மிடிப்பூண்டியில் அவரோடு நான் ஆறு வருடம் வேலை பார்த்தேன். தாய் தகப்பன் வைத்த பெயர் என்று அவருக்கும் ஒன்று இருந்திருக்கும். அது எதற்கு நமக்கு? ஆலை முழுக்க அவர் வால் நைனா.

பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலை அது. நான் அங்கே லேப் கெமிஸ்ட். உருகிய இரும்பில் கரி எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நைனா காந்தக் கிரேன் ஓட்டுபவர். லாரி லாரியாக வந்து குவியும் துருப்பிடித்த சைக்கிள், உடைந்த கேட், நசுங்கிய டின் எல்லாவற்றையும் மாட்டு வண்டிச் சக்கரம் அளவுள்ள ஒரு மின்காந்தத்தில் அள்ளி, உலைக்குப் போகும் தொட்டியில் போட வேண்டும். சுவிட்சைப் போட்டால் ஒட்டும், நிறுத்தினால் விழும். ஐம்பது வயதுக்காரர், ஒல்லி, தலையில் எப்போதும் ஒரு ஈரிழைத் துண்டு. ஆந்திர எல்லை ஓரத்து ஊர்க்காரர் என்பதால் பெரியவர் சின்னவர் பார்க்காமல் எல்லாரையும் நைனா, அதாவது அப்பா, என்பார். ஒருமுறை ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்த முதலாளியின் மாமியாரையும் அப்படியே கூப்பிட்டுவிட்டார்.

‘வால்’ சேர்ந்த கதை வேறு. அவர் மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் எரிமலை, மழைநீர் சேகரிப்பு என்று நல்ல தலைப்பாகக் கிடைக்க, இந்தப் பெண்ணின் சீட்டில் ‘கோள்களின் காந்த வால்’ என்று வந்தது. அப்பனும் மகளும் ஒரு வாரம் தெர்மகோலும் கம்பளி நூலுமாகக் கிடந்து மூன்றாம் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் வாங்கினார்கள். மகள் அடுத்த மாதமே அதையெல்லாம் மறந்துவிட்டு கபடி ஆடப் போய்விட்டாள். அப்பாவால் மறக்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் காந்தத்தை வைத்தே பிழைத்தவருக்கு, தான் நிற்கிற பூமியே ஒரு காந்தம், அதற்கு ஒரு வால் வேறு இருக்கிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? தூரத்துச் சொந்தம் ஒன்று திடீரென்று கிடைத்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு.

விஷயம் இதுதான். அவர் என்னிடம் முதல் வாரமே சொன்னது, பிறகு நாற்பது முறை சொன்னது. சூரியன் வெளிச்சத்தை மட்டும் அனுப்புவதில்லை. மின்சாரம் ஏறிய பொடிகளை எல்லாப் பக்கமும் காற்று மாதிரி ஓயாமல் ஊதிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காற்று பூமியின் மேல் நேராக வந்து மோதாமல் பூமியின் காந்தம் குடை பிடிக்கிறது. காற்று மோதுகிற பக்கம் குடை அமுங்கும். மறுபக்கம், அதாவது நமக்கு ராத்திரியாக இருக்கும் பக்கம், அது வாலாக நீண்டு நிலாவையும் தாண்டிப் போகும். காற்று வலுத்தால் வால் இழுபடும். இழுபட்டு இழுபட்டு ஒரு கட்டத்தில் அறுந்து, மறுபடி ஒட்டிக்கொள்ளும். அறுந்ததில் ஒரு பாதி வெளியே ஓடிவிடும். இன்னொரு பாதி பூமியை நோக்கிச் சுண்டி வரும். துருவப் பக்கத்து வானம் பச்சையும் சிவப்புமாகப் பற்றிக்கொள்வது அதனால்தான். இவ்வளவும் உண்மை. இதற்கும் கேண்டீன் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் நைனாவின் சொந்தச் சேர்க்கை.

நைனா வீடு கவரைப்பேட்டையில், எனக்கு அறை பொன்னேரியில். வேலை முடிந்து இருவரும் ஒரே ரயிலில் திரும்புவோம். கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷன்தான் கவரைப்பேட்டை. ஆனால் நைனாவோடு போனால் அந்தக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு கல்லூரிப் படிப்பு முடிந்துவிடும். ஒருநாள் பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர், காத்துக்கு எப்படிப்பா வால் முளைக்கும் என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். நைனா தலைத்துண்டை உருவினார். கைமுட்டியில் போர்த்தி, ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினார். முட்டிதான் பூமி, ரயில் கிழித்துக்கொண்டு போகிற காற்றுதான் சூரியக் காற்று. துண்டு முட்டியை முன்பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் படபடவென்று நீண்டது. பெட்டியில் பாதிப் பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். நைனாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார். துண்டு பறந்தது. பறந்து, இரண்டு ஜன்னல் தள்ளி உட்கார்ந்திருந்த டிக்கெட் பரிசோதகரின் முகத்தில், அவர் டீ குடித்துக்கொண்டிருந்த கையோடு சேர்த்து, அப்பிக்கொண்டது.

பரிசோதகர் ஈரச் சட்டையோடு எழுந்து வந்தார். நைனாவிடம் சீசன் டிக்கெட் கேட்டார். இருந்தது. என்னிடம் கேட்டார். இருந்தது. பெட்டி மொத்தத்தையும் கேட்டார். அன்றைக்கென்று எல்லாரிடமும் இருந்தது. கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றவரிடம் நைனா மிகுந்த அக்கறையோடு கேட்டார். “சார், உங்க மேல வந்து வுழுந்தது உள்பக்கத்து பாதியா, வெளிப்பக்கத்து பாதியா?”  அவர் கவரைப்பேட்டை வரும்வரை அங்கேயே நின்று மீதியைக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

கேண்டீனில் வேறு வகுப்பு. தட்டு நடுவில் ஒரு இட்லி, அதுதான் பூமி. ஒரு ஓரத்திலிருந்து சாம்பாரைச் சரித்துவிடுவார். இட்லிக்கு முன்னால் சாம்பார் மேடுகட்டி, இரண்டு பக்கமும் ஒதுங்கி, பின்னால் வாலாகச் சேரும். இட்லியிலிருந்து ஒரு துளி கிள்ளி வைத்தால் புதன். புதனுக்குக் காந்தம் கம்மி, சூரியனுக்கும் பக்கம். அதனால் அதன் வால் ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் அறுந்து ஒட்டும். “சின்ன ஆளு, கோவம் ஜாஸ்தி” என்பார். வியாழனுக்கு வால் சனிக்கிரகம் வரைக்கும். அதைக் காட்ட அடுத்தவர் தட்டையும் இழுத்துக்கொள்வார். லாரி டிரைவர்கள் இந்த நாஷ்டா வகுப்பில் உட்கார்ந்துவிட, லோடு இறங்காமல் வாசலில் வண்டிகள் வரிசை கட்டும்.

இதில் நொந்து போனவர் எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம், சுருக்கமான பேச்சு. அவருக்கு நைனாவின் வாயைக் கட்ட வேண்டும். ஆனால் நைனாவின் மேல் கை வைக்க முடியாது. ஏனென்றால் பேச்செல்லாம் தரையில்தான். கிரேன் கேபினில் ஏறினால் அந்த வாய் பூட்டிக்கொள்ளும். கீழே ஒரு ஆள் நடந்தாலும் காந்தத்தை அசைக்க மாட்டார். பதினேழு வருடத்தில் அவர் கையிலிருந்து ஒரு ஆணி தப்பி விழுந்தது கிடையாது. அப்படிப்பட்டவருக்கு மெமோ கொடுத்தால் மொத்த யார்டும் சிரிக்கும் என்று இன்சார்ஜுக்குத் தெரியும்.

கேட்டதும் சொன்னதும் போதாமல் போய், வாலின் ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நைனாவுக்கு ஒருநாள் தோன்றியது. அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. போனில் எங்கேயோ பார்த்துவிட்டு, பெரிய ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்தார். உள்ளே ஒரு நூலில் சிறு காந்தத் துண்டு, அதன் மேல் ஒட்டிய கண்ணாடிச் சில்லு. அந்தச் சில்லின் மேல் ஒரு சிவப்பு லேசர் லைட்டை அடித்தால் எதிர்ச் சுவரில் புள்ளி விழும். பூமியின் காந்தம் துளி அசைந்தாலும் காந்தத் துண்டு அசையும், புள்ளி சுவரில் நகரும். சூரியப் புயல் வந்து, வாலிலிருந்து சுண்டி வந்த சரக்கு பூமியைச் சுற்றி ஓடுகிறபோது புள்ளி நன்றாகவே ஆடும். கருவி பிரமாதம். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: பக்கத்தில் இரும்பு இருக்கக் கூடாது.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு இல்லாத இடம். யோசித்துப் பாருங்கள்.

முதலில் வீட்டில் வைத்தார். பீரோ வெளியே போனது. கட்டில் போனது. கிரைண்டர் பக்கத்து வீட்டுக்குப் போனது. அவர் மனைவி ராணியம்மா பொறுமைசாலி. ஆனால் அரிவாள்மனையையும் எடுத்துக்கொண்டு போனபோது பொறுமை தீர்ந்தது. “அப்ப என்னையும் அனுப்பிடு. டாக்டரு எனுக்கு இரும்புச் சத்து மாத்திரதான் குடுத்துகீறாரு” என்றார். வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொள்வார்கள். நைனா அந்த மாத்திரையில் ஒன்றை வாங்கி பாட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். புள்ளி அசையவில்லை. திரும்பி வந்து, நீ இருக்கலாம் என்று அனுமதி கொடுத்தார். அந்த வாரம் முழுக்க அவர் கேண்டீனில்தான் மூன்று வேளையும் சாப்பிட்டார்.

இவ்வளவு செய்தும், எதிர்வீட்டுக்காரர் சாயங்காலம் தன் புல்லட்டைக் கொண்டுவந்து நிறுத்தினால் புள்ளி ஒரு சாண் ஓடியது. மாடிக்குப் போனார். கான்கிரீட்டுக்குள் எங்கள் ஆலைக் கம்பியே இருந்தது. கோயில் குளத்துக்குப் போனார், சுற்றிக் கம்பி வேலி. ஏரிக்கரையில் மின்சார டவர். சர்ச் வளாகத்தில் பாதிரியார் அன்பாக இடம் கொடுத்தார், ஆனால் அங்கே சபைக் கூட்டத்துக்கு வாங்கிய முந்நூறு இரும்பு நாற்காலிகள். நெல்வயல் நடுவில் வைத்தார், டிராக்டர் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊறுகாய் பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு மனிதர் சுற்றி வருவதைப் பார்த்து, அவர் ஊறுகாய் வியாபாரம் தொடங்கிவிட்டார் என்று ஊரில் பேச்சு. இரண்டு பேர் மாங்காய் இருக்கா என்று கேட்டார்களாம்.

கடைசியில் இடம் கொடுத்தவர் அஞ்சலை. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு மீனவக் குப்பத்துக்காரர். நாற்பது வயது இருக்கும், மகளிர் குழுத் தலைவி, கையெழுத்து மணிமணியாக இருக்கும். வாரம் இரண்டு நாள் எங்கள் கேண்டீனுக்கு மீனும் இறாலும் கொண்டுவருவார். பழைய வலைகளைப் போட்டு வைக்க அவருக்கு ஒரு ஓலைக் கொட்டாய் இருந்தது. சவுக்குக் கழி, பனை ஓலை, கயிறு. ஆணி ஒன்றுகூடக் கிடையாது, ஏனென்றால் உப்புக் காற்றில் ஆணி ஒரு வருஷம் தாங்காது. நைனா இதைக் கேட்டுவிட்டுக் கண் கலங்கினார். நான் பக்கத்தில் இருந்தேன், பொய் சொல்லவில்லை.

அந்த ஞாயிறே போய் வைத்தோம். ஒரு காதணி விழா ஃபிளெக்ஸ் பேனரைத் திருப்பிக் கட்டினால் வெள்ளைத் திரை. நைனா அஞ்சலைக்கு வாலை விளக்க ஆரம்பித்தார். இட்லி இல்லாததால் திணறினார். அஞ்சலை பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“இரு ண்ணா. தண்ணி ஓட்டத்துல வலை கட்னா, பை மாரி மடி பின்னால நீண்டுக்கினு கெடக்கும். ஓட்டம் ஜாஸ்தியாச்சின்னா மடி பிச்சிக்கும். பாதி தண்ணியோட போயிடும், பாதி சுருட்டிக்கினு நம்ம மேலயே வந்து வுழும். அதான?”

ரயிலில் துண்டு, கேண்டீனில் சாம்பார், எத்தனை வருட உழைப்பு. கடைசியில் நைனா, அதான் என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அஞ்சலைதான் அந்தக் கருவிக்கு விஞ்ஞானி. மணிக்கொருதரம் லைட்டைப் போட்டு, புள்ளி விழுந்த இடத்தில் கரித்துண்டால் குறி வைத்து, போனில் நேரம் பார்த்துப் பக்கத்தில் எழுதுவார். தினமும் புள்ளி ஒரு விரல் அளவுக்குப் போய்த் திரும்பியது. அது சூரியன் தினசரி செய்கிற வேலை, அதற்கும் புயலுக்கும் சம்பந்தமில்லை என்றார் நைனா. புயலுக்குக் காத்திருந்தோம்.

வந்தது ஒரு வியாழக்கிழமை. அதாவது செய்தி வந்தது. சூரியனில் பெரிதாக ஏதோ வெடித்திருக்கிறது, ஓரிரு நாளில் பூமிப் பக்கம் வரலாம் என்று நைனா போனில் படித்தார். மறுநாளைக்கு லீவு கேட்டார். ஆள் பற்றாக்குறை, இன்சார்ஜ் முடியாது என்றுவிட்டார். எதற்கு லீவு என்று இன்சார்ஜ் கேட்டிருக்கவே கூடாது. கேண்டீனில் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். நைனா சொன்னார்.

“நாளிக்கு புள்ளி நாலு வெரலு தாண்டும், நைனா. தாண்டலன்னா, இந்த மில்லுல இனிமே வாலுன்ற வார்த்தைய நான் எடுக்க மாட்டேன்.”

இன்சார்ஜ் டம்ளரைக் கீழே வைத்தார். பல வருடமாக அவர் எதிர்பார்த்த வாசகம் அது.

“ரயில்லயும் எடுக்கக் கூடாது. கேண்டீன்லயும் எடுக்கக் கூடாது.”

“எங்கயும் எடுக்கல.”

“செரி. தாண்டிச்சின்னா, நீ சொல்ற எடத்துல குந்தி, நீ சொல்றத மொத்தமா கேக்கறேன். குறுக்க ஒரு வார்த்த பேச மாட்டேன். ஆனா நானே வந்து பாப்பேன்.”

கை கொடுத்துக்கொண்டார்கள். கேண்டீனே கை தட்டியது. நைனாவும் சிரித்தார். நான் மட்டும் கை தட்டவில்லை. ஏனென்றால் சூரியன் என்ன, ஷிப்ட் போட்டா வேலை செய்கிறது?

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்கு நைனா வந்தார். கேபினுக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது என்பது விதி. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு ஏறினார். எட்டு மணி நேரம் வழக்கம்போல இரும்பை அள்ளினார், போட்டார். காலை இடைவேளையில் கீழே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து இட்லியைத் தின்றார். சாம்பாரைத் தனியாகக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

இரண்டு மணிக்கு மூவரும் கிளம்பினோம். லாக்கரிலிருந்து எடுத்த போனில் அஞ்சலையிடமிருந்து ஒரு அழைப்பும் வந்திருக்கவில்லை. நைனா திருப்பிக் கூப்பிட்டார். தொடர்பு கிடைக்கவில்லை, ஏரிக்குள் எப்போதும் அப்படித்தான். பொன்னேரி வரை ரயில். நைனா ஜன்னலோரம் உட்கார்ந்து வாய் திறக்காமல் வந்தார். அவரைத் தெரிந்த கடலைக்காரர் ஒருவர் உடம்பு சரியில்லையா என்று நின்று விசாரித்துவிட்டுப் போனார். இன்சார்ஜ் ஒரு பொட்டலம் வாங்கி நிதானமாக ருசித்துச் சாப்பிட்டார்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பஸ்ஸில் கூட்டம். இன்சார்ஜ் முன்னால் இடம் பிடித்துக்கொண்டார். நானும் நைனாவும் பின்னால் நின்றோம். பஸ் ஒரு வளைவில் திரும்பும்போது என் காதருகே குனிந்து நைனா சொன்னார்.

“லேப் சாரு, அது பூமி பக்கம் வராம சைடுல போயிருந்தா?”

எனக்கு என்ன தெரியும். வந்திருக்கும் என்றேன்.

“டப்பு காசு வெச்சி தோத்திருந்தா கூட பரவால்ல. பேசாம எப்டி இருக்கறது?”

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வெளியே பார்த்தேன். அதுவரைக்கும் அவர் பேச்சு எங்களுக்குப் பொழுதுபோக்கு. பள்ளிக்கூடத்தைப் பத்தாவதோடு விட்டுவிட்டு, ஒரு இரும்புக் கூண்டுக்குள் தனியாக எட்டு மணி நேரம் தொங்கிக்கொண்டிருப்பவருக்கு அது என்ன என்று நான் யோசித்ததே இல்லை. என்ன ஆனாலும் இந்த இன்சார்ஜை ஏரியில் தள்ளிவிடுவது என்று முடிவு செய்தேன். பிறகு அவர் சைஸைப் பார்த்து முடிவை மாற்றிக்கொண்டேன்.

படகில் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அஞ்சலை கரையிலேயே நின்றிருந்தார். இன்சார்ஜைப் பார்த்து, இவர் யாரு என்று மட்டும் கேட்டார். எதிர்க்கட்சி என்றேன் நான்.

கொட்டாய்க்குள் நுழைந்ததும் பேனரைப் பார்த்தோம். வழக்கமாக ஒரு ஈக்கூட்டம் மாதிரி ஒரே இடத்தில் மொய்க்கும் கரிப் புள்ளிகள், அன்று கலைந்து கிடந்தன. இடது பக்கம் போய், திரும்பி, மறுபடி போய், குடித்தவன் வீடு திரும்பிய பாதை மாதிரி இருந்தது. நைனா கையெடுத்துக் கும்பிட்டார். பேனரைத்தான். பின்பக்கம் காது குத்திக்கொண்ட குழந்தை யாரோ, அதற்கும் சேர்த்து.

இன்சார்ஜ் அசரவில்லை. கொட்டாயைச் சுற்றி ஒரு நடை போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. எங்களைப் பின்பக்கம் கூட்டிப் போய்க் காட்டினார். ஓலைச் சுவரை ஒட்டி ஒரு பழைய இரும்பு நங்கூரம் படுத்திருந்தது. இருபது கிலோ இருக்கும்.

“இது யாரு வாலு?” என்றார்.

நைனா மணலில் உட்கார்ந்துவிட்டார். இரும்பே இல்லாத ஒரு இடத்தை ஒரு மாவட்டம் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்து, கடைசியில் இப்படி. இன்சார்ஜ் வெற்றிப் புன்னகையோடு கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அஞ்சலை வந்து எட்டிப் பார்த்தார். “அதுவா? எங்கூட்டுக்காரு காலீல ஏழு மணிக்கு எட்த்தாந்து போட்டாரு. நான் எழுதி வெச்சிக்கீறனே” என்றார்.

உள்ளே ஓடினோம். ஏழு மணிக் குறிக்குப் பக்கத்தில், நாங்கள் யாரும் கவனிக்காத ஒரு சின்னப் படம். கரியில் வரைந்த நங்கூரம், கொக்கியும் வளையமும் சரியாக இருந்தன. நங்கூரம் வந்ததும் புள்ளி ஒரே தாவாகத் தாவி ஒரு இடத்தில் நின்றிருக்கிறது. அந்த இடத்தில் அஞ்சலை ஒரு செங்குத்துக் கோடு கிழித்து, இனிமேல் இதுதான் ஆரம்பம் என்று அம்புக்குறி போட்டிருந்தார். அதற்குப் பிறகு நங்கூரத்தை யாரும் தொடவில்லை. ஆனால் புள்ளி நாள் முழுக்க அலைந்திருக்கிறது. பத்து மணிக்கு மேல் பத்து நிமிஷத்துக்கு ஒரு குறி. ஏன் போன் செய்யவில்லை என்று நைனா கேட்டார். குறி வைக்கவே நேரம் சரியாக இருந்தது, இதில் போன் எங்கே செய்வது என்றார் அஞ்சலை. அன்றைக்கு அவர் வீட்டில் சோறுகூட ஆக்கவில்லையாம். அவர் வீட்டுக்காரர் அந்த நங்கூரத்தோடு தானும் பட்டினி கிடந்தார் என்று பிறகு தெரிந்தது.

இனி அளப்பதுதான் பாக்கி. அம்புக்குறியிலிருந்து புள்ளி போன கடைசி எல்லை வரை. இன்சார்ஜ் தன் விரல்களைச் சேர்த்து வைத்தார். மூன்றரை விரல். மறுபடி வைத்தார். மூன்றரைதான். அவர் விரல் ஒவ்வொன்றும் ஒரு மொந்தன் வாழைக்காய். நைனா வைத்தார். நாலே முக்கால். என்னை வைக்கச் சொன்னார்கள். நாலும் ஒரு நகமும். யார் விரல் என்று பந்தயத்தில் பேசவில்லை என்று இன்சார்ஜ் சட்டம் பேச ஆரம்பித்தார். நைனா, பந்தயம் சொன்னது என் வாய், அதனால் விரலும் என்னுது என்றார். இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு ஓலைக் கொட்டாயில் காதணி விழா பேனருக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்ற காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அஞ்சலை இருவரையும் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். “புள்ளி யாரு ஊட்ல ஓடிச்சோ அவுங்க வெரலு” என்று தன் கையை வைத்தார். இறால் உரித்து உரித்துத் தேய்ந்த, ஒல்லியான விரல்கள். ஐந்து.

அதற்கு மேல் அப்பீல் கிடையாது. இன்சார்ஜ் நங்கூரப் படத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, நம்ம லேபுல கூட இவ்ளோ சுத்தமா எழுதறது இல்ல என்றார். அது எனக்கு. நான் ஏற்றுக்கொண்டேன்.

திரும்பும் படகில்தான் தண்டனை நிறைவேறியது. நைனாவை நடுப்பலகையில் உட்கார வைத்து, இன்சார்ஜ் வாக்கு தவறாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். சொல்லு என்றார். நைனா சூரியனிலிருந்து ஆரம்பித்தார். நாள் முழுக்கப் பூட்டி வைத்திருந்த வாய் அல்லவா, காற்றையும் குடையையும் முதல் கால் மணியிலேயே முடித்துவிட்டார். புதனுக்கு வரும்போது இன்சார்ஜின் தலை ஆட ஆரம்பித்தது. விடிகாலை நாலு மணிக்கு எழுந்த மனுஷர், பாவம். வியாழனுக்கு வரும்போது அந்தப் பெரிய தலை மெல்லச் சாய்ந்து நைனாவின் ஒல்லித் தோளில் இறங்கியது.

நான் அவரை எழுப்பப் போனேன். நைனா வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். தோளை அசைக்காமல், முதுகை நேராக வைத்துக்கொண்டு, குரலை மட்டும் இறக்கினார். ஆனால் நிறுத்தவில்லை. படகுக்காரர் கழியை ஊன்றி ஊன்றித் தள்ள, தண்ணீர் மெதுவாக விலக, வியாழனின் வால் சனிக்கிரகத்தை நோக்கி நீண்டுகொண்டே போனது. நாற்பது முறை கேட்டதுதான். இருந்தாலும் நான் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தேன். கரை இன்னும் சற்றுத் தள்ளியே இருந்திருக்கலாம்.